5 மணி நேரமா, 40 மணி நேரமா, 75 மணி நேரமா? அமெரிக்க மாநிலங்களில் வீட்டுப் பராமரிப்பாளர் பயிற்சி

அமெரிக்காவில் முதியவரைக் குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் உணவூட்டவும் வீட்டுக்கு வருபவரைச் சட்டம் இரு வகையாகப் பார்க்கிறது. முதியோருக்கான கூட்டாட்சி மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நிதி பெறும் நிறுவனத்தின் வழியாக வரும் ‘ஹோம் ஹெல்த் எய்டு’ (வீட்டு உடல்நல உதவியாளர்) குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அதில் 16 மணி நேரம் மேற்பார்வையுடன் கூடிய செய்முறை; பணியில் சேர்ந்தபின் ஆண்டுக்கு 12 மணி நேரம் தொடர் பயிற்சி. இந்த 75 என்ற எண் 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அதை 120 ஆக உயர்த்துமாறு ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வுக் கழகத்தின் அறிக்கை 2008இல் பரிந்துரைத்தும் கூட்டாட்சி அரசு உயர்த்தவில்லை. கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும் ‘பெர்சனல் கேர் எய்டு’க்கோ (தனிநபர் பராமரிப்பு உதவியாளர்) கூட்டாட்சி அளவில் எந்தக் குறைந்தபட்சமும் கிடையாது. அது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால்தான் இத்தனை வேறுபாடு.

கலிபோர்னியாவில் 2013இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆள் யார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். காசநோய் இல்லை என்று சான்று காட்ட வேண்டும். மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பயிற்சி என்று பார்த்தால் வேலை தொடங்குமுன் 5 மணி நேரம், அதாவது அறிமுகத்துக்கு 2, பாதுகாப்புக்கு 3. பிறகு ஆண்டுக்கு 5. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரை, அவருடைய தோள்பட்டையும் தம் முதுகும் நோகாமல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் நுட்பம் 3 மணி நேரத்தில் கைவருவதன்று. பதிவேட்டில் பெயர் இருப்பதைத் திறமைச் சான்றாகக் குடும்பங்கள் எடுத்துக்கொள்வது தவறு. தடைக்குரிய குற்றம் எதுவும் இல்லை என்பதற்கு மேல் அது அதிகம் சொல்வதில்லை.

நியூயார்க் 40 மணி நேரம் கேட்கிறது. இதைப் படிக்கட்டு போல அமைத்திருப்பது பாராட்டத்தக்கது: 40 மணி நேரம் முடித்தவர் மேலும் 35 மணி நேரம் படித்தால் ஹோம் ஹெல்த் எய்டு ஆகலாம், தொடக்கத்திலிருந்து மீண்டும் படிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே மாநிலத்தில், பராமரிப்பு பெறுபவரே ஆளைத் தேர்ந்து அமர்த்தும் மெடிகெய்டு (குறைந்த வருமானமுள்ளோருக்கான அரசு மருத்துவ உதவி) திட்டத்தின்கீழ் வருபவருக்கு இந்தப் பயிற்சி எதுவும் கட்டாயமில்லை. சொல்லித்தருவது பராமரிப்பு பெறுபவரின் பொறுப்பு. அப்படி அமர்த்தப்பட்டவரோ இன்சுலின் ஊசி போடலாம், சளி உறிஞ்சி எடுக்கலாம். 40 மணி நேரம் படித்துவிட்டு நிறுவனத்தின் வழியாக வருபவருக்கு அந்த அனுமதி இல்லை. தம் உடலைத் தாமே அறிந்த மாற்றுத்திறனாளிகள் போராடிப் பெற்ற உரிமை என்ற வகையில் இதில் நியாயம் உண்டு. நினைவு தப்பிய முதியவருக்கு அந்த நியாயத்தை எப்படிப் பொருத்துவது என்பதுதான் தெரியவில்லை.

மூன்றில் கண்டிப்பானது வாஷிங்டன் மாநிலம். 2011 நவம்பரில் மக்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் 75 மணி நேரம் கேட்கிறது. ஆனால் அதை ஒரே மூச்சில் கேட்பதில்லை: வேலைக்கு முன் 5, பணியில் சேர்ந்த 120 நாட்களுக்குள் எஞ்சிய 70, பின்னர் தேர்வு, 200 நாட்களுக்குள் மாநிலச் சான்று. ஆங்கிலம் போதாதவருக்குக் கூடுதலாக 60 நாட்கள் தரப்படுகின்றன. பெற்றோரை மட்டும் கவனித்து அரசிடம் ஊதியம் பெறும் பிள்ளைக்குப் பயிற்சிச் சுமை ஏறத்தாழப் பாதியாகிறது. செவிலியர் ஒப்படைக்கும் மருத்துவப் பணிகளைச் செய்ய 9 மணி நேரமும், இன்சுலினுக்கென மேலும் 3 மணி நேரமும் தனிப் பாடங்கள். அரசுத் திட்டத்தில் பணிபுரிவோருக்குப் பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு என்பதே இதன் உயிர்நாடி என்பேன். குறைந்த கூலியில் வாழ்பவரிடம் 70 மணி நேரத்தை இலவசமாகக் கேட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். தேர்வுக்கு இடம் கிடைக்காமல் காத்திருக்க நேர்வது இம்முறையின் நெடுநாள் குறை.

எனவே தாயையோ தந்தையையோ கவனிக்க நிறுவனத்தின் வழியாக ஆள் தேடும் குடும்பத்துக்கு, வாஷிங்டன் சான்றுக்கு இருக்கும் எடை கலிபோர்னியப் பதிவுக்கு இல்லை. அங்கே நிறுவனம் சட்டம் கேட்பதற்கு மேல் என்ன கற்றுக்கொடுக்கிறது என்று கேட்டறிவது அவசியம். நிறுவனத்தைத் தவிர்த்து, தெரிந்தவர் சொல்லிக் கைப்பணம் கொடுத்து அமர்த்தினால் இந்த விதிகள் அநேகமாக எவையும் அந்த வீட்டு வாசலைத் தாண்டா. கலிபோர்னியாவில் மட்டும், அப்படி வருபவரும் விரும்பினால் அதே பதிவேட்டில் சேர வழியிருக்கிறது. கைரேகைச் செலவையும் பதிவுக் கட்டணத்தையும் குடும்பமே ஏற்றுக்கொண்டு, வேலை தொடங்கும் முன்பே அதை முடிக்கச் சொல்லலாம்.