டேனிஷ் மூதாதையரைத் தேடித் தருகிறோம் என்பார்கள், பணம் கட்டாதீர்கள்: ₹42,000 போச்சு

₹42,000. சுளையாக நாற்பத்திரண்டாயிரம். நேற்று ராத்திரி அந்த நம்பர் எங்களை பிளாக் செய்துவிட்டது, அந்தக் கொதிப்போடுதான் எழுதுகிறேன். ஆன்லைனில் வம்சாவளி தேடித் தரும் சேவை என்று சொல்லிக்கொள்கிறவர்கள். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த (1620–1845) கடைசிக் காலத்தில் வேலைக்கு வந்த ஒருவரின் குடும்பத்தை, டென்மார்க்கின் ஃப்யூன் தீவுக் கோயில் (சர்ச்) பதிவேடுகளில் கண்டுபிடித்துத் தரவேண்டும். அவ்வளவுதான் கேட்டோம்.

நம்ப வைத்தது ஒரே ஒரு படம். பணம் பேசும் முன்பே 1816-ம் வருட ஞானஸ்நானப் பக்கம் ஒன்றை அனுப்பினார்கள். 1814 முதல் அங்கே கட்டம் போட்டு அச்சடித்த பதிவேடு. ஆண் பிள்ளைக்குத் தனி, பெண் பிள்ளைக்குத் தனி. வரிசை எண், பிறந்த தேதி, ஞானஸ்நானம் கோயிலிலா வீட்டிலா, பெற்றோர் பெயர், தொழில், ஊர், ஞானப்பெற்றோர், எல்லாம் இருக்கும். ஆனால் கோதிக் கையெழுத்து, இன்றைய ஆங்கில எழுத்து மாதிரி இல்லாத பழைய பாணி. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் இந்தத் தேடலில் பெரும் கஷ்டம். இவர்கள் அந்தப் பக்கத்தை எழுத்து பிசகாமல் படித்துக் காட்டினார்கள். பணம் போய்விட்டது. அதில் ₹6,500 "காப்பக அனுமதிக் கட்டணம்" வேறு! டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இந்தப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் புரட்டலாம்.

வந்தது தங்க பார்டர் போட்ட ஒரு பிடிஎஃப். ஆறு தலைமுறைக்கும் ஒரே குடும்பப் பெயர். அந்தக் காலக் கிராமத்தில் அப்பன் பெயர்தான், நம்மூர் இனிஷியல் மாதிரி: யென்ஸ் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் யென்சன், அவன் மகன் ஹான்சன். நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொல்லி ஆணை வந்ததே 1828-ல். அதற்குப் பிறகும் கிராமங்களில் பழைய வழக்கம் லேசில் போகவில்லை. இன்னும் கேளுங்கள், ஒரு ஞானஸ்நானத் தேதி 1700 பிப்ரவரி 24. டென்மார்க்கில் அப்படி ஒரு நாளே கிடையாது. அந்த வருடம் காலண்டரை மாற்றியபோது பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. எந்தச் சேகரம் (ஒரு கோயிலின் கீழ் வரும் ஊர்ப் பகுதி), எந்தப் பக்கம், எத்தனையாவது பதிவு என்று ஒரு வரிக்கும் ஆதாரம் இல்லை. முதலில் காட்டிய பக்கம்கூட ஃப்யூனே இல்லை, ஷெலான் என்ற வேறு தீவில் வேறு யாரோ வீட்டுப் பிள்ளையுடையது!

கேட்டால், "டீம் செக் பண்றாங்க சார்." அடுத்து, "காப்பகம் லீவு." கடைசியில், "அந்தக் கோயில் புத்தகம் எரிஞ்சு போச்சு." 1814-லிருந்து இரண்டு பிரதி எழுதவேண்டும், ஒன்று போதகரிடம், ஒன்று அவருக்கு உதவியாக இருந்த உபதேசியாரிடம், இரவில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். மற்றப் பிரதி எங்கே என்று கேட்டேன். "வேலை முடிச்சுக் குடுத்தாச்சு, ரீஃபண்ட் கிடையாது" என்று சொல்லிவிட்டு பிளாக்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

பிறந்த சேகரம் தெரியாமல் தேடலைத் தொடங்கவே முடியாது. 1845 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து பிறந்த சேகரம் எழுதப்பட்டிருக்கும். உங்கள் ஆள் அதற்கு முன்பே கப்பல் ஏறியிருந்தால் ஊரில் தங்கிவிட்ட அண்ணன் தம்பியைத் தேடுங்கள். கோயிலின் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) பட்டியலில் அம்மை குத்திய தேதிகூட இருக்கும், ஆளை உறுதிப்படுத்த அது உதவும். 1700-களில் பல இடங்களில் "திரித்துவத்துக்குப் பின் 3-ம் ஞாயிறு" என்றுதான் தேதி. திரித்துவம் என்பது ஈஸ்டரை ஒட்டி நாள் மாறும் பண்டிகை. அந்த வருட ஈஸ்டரை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

காசு கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள், பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்கட்டும். பக்க எண்ணும் பதிவு எண்ணும் வராமல் அடுத்த காசு கூடாது. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், பணம் அனுப்பிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு.