கொலோசியம் வாசலோடு திரும்பினோம்: பிள்ளைகளோடு ரோம் போகிறவர்கள் கவனிக்கவும்

ரோம் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள், அதுவும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அங்கே உள்ள பழங்கால ரோமானிய விளையாட்டரங்கமான கொலோசியத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நாங்கள் 196 யூரோ கட்டினோம். அன்றைய கணக்கில் 19,000 ரூபாய் ஆகிறது. நான்கு பேரும் வாசல்வரை போய், உள்ளே கால் வைக்காமல் திரும்பி வந்தோம். பணத்தைக்கூட விடுங்கள். எட்டு வயதுப் பெண் அந்த வாசலில் நின்று தேம்பி அழுததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2025 மே கடைசி வாரம் போனோம். நான், கணவர், எட்டு வயது மகள், நாலரை வயது மகன். மகள் மூன்றாம் வகுப்பில் ரோமன் எண்கள் படித்திருந்தாள். கொலோசியத்தின் கீழ்த்தளத்தில் 80 வளைவுகள் இருந்தன, அவற்றில் 76 வாயில்களுக்கு மேலே எண் செதுக்கியிருந்தார்கள், அதில் ஒரு பகுதி இன்னும் அழியாமல் இருக்கிறது என்று நான்தான் அவளிடம் சொல்லி வைத்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் வாயில் எண் பொறித்த வில்லை கொடுப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து தினமும் அதே பேச்சு. போப் இருக்கும் ஊர், பீட்சா ஊர் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

எங்களுக்கு விசா கைக்கு வந்ததே கிளம்புவதற்கு ஆறு நாள் முன்புதான். கொலோசியத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாளுக்கு முன்பே விற்பனை திறந்துவிடும். நாங்கள் பார்க்கும்போது எங்களுக்கு வேண்டிய மூன்று நாளும் ஒரு இடம்கூட இல்லை. பதற்றத்தில் கூகுளில் தேடினேன். முதலில் வந்த விளம்பரத்தைத் திறந்தால் கொலோசியம் படம், அதன்மேல் 'அதிகாரபூர்வ' என்று பெரிய எழுத்து, 'வரிசையில் நிற்காமல் நுழையுங்கள்' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் 59 யூரோ, சிறுவர் 39 யூரோ. இன்னும் ஐந்து இடம்தான் பாக்கி என்று சிவப்பில் மின்னியது. கார்டு எண்ணைப் போட்டேன். ஓடிபிகூடக் கேட்கவில்லை, பணம் போய்விட்டது.

அந்த 'சிறுவர் 39 யூரோ' என்ற இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொலோசியத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது, எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய ரோமின் இடிபாடுகளான ரோமன் ஃபோரம், பாலடைன் குன்று இரண்டையும் சேர்த்தே 18 யூரோதான். எங்கள் குடும்பத்துக்கு உண்மையான செலவு 36 யூரோ. இத்தனைக்கும் ஐரோப்பா போக எடுத்த ஷெங்கன் விசாவில் ஆறு வயதுக்கு உட்பட்ட மகனுக்குக் கட்டணம் இல்லை, மகளுக்குப் பாதிதான் என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தவள் நான். அதே கேள்வியை இங்கே கேட்கத் தோன்றவில்லை.

மின்னஞ்சலில் வந்தது டிக்கெட் இல்லை, ஒரு வவுச்சர். அதில் என் பெயர் மட்டும், பக்கத்தில் 'நான்கு பேர்'. பத்தரை மணி நுழைவு, முக்கால் மணி நேரம் முன்னதாக ஒரு கடை வாசலுக்கு வர வேண்டும் என்று போட்டிருந்தது. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். ஏற்கெனவே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். மஞ்சள் குடை பிடித்த ஒருவர் எல்லோர் சட்டையிலும் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். மகன் அதைப் பிய்த்துப் பிய்த்துத் திரும்ப ஒட்டிக்கொண்டே இருந்தான், ஒட்டும் பசை போகும்வரை. பதினொன்றேகால் வரைக்கும் வெயிலில் நின்றோம். அப்புறம் கும்பலாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் விட்டார். அந்த வரிசை எல்லோருக்கும் பொது. 'வரிசையில் நிற்காமல்' என்று யார் விற்றாலும் பையும் உடம்பும் சோதிக்கும் அந்த வரிசையை யாரும் தாண்ட முடியாது. அதில் இன்னொரு நாற்பது நிமிடம். வரிசை நகரும்போதே பெரியவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு காகிதத்தைக் கையில் திணித்துவிட்டு, பின்னால் வருகிறேன் என்று அவர் போனார்.

வாசலில் இருந்த பெண் பாஸ்போர்ட் கேட்டார். காகிதத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். எங்களிடம் இருந்த இரண்டு டிக்கெட்டிலும் வேறு யாரோ இரண்டு பேருடைய பெயர். பிள்ளைகளுக்கு டிக்கெட்டே இல்லை. 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் வருகிறவரின் பெயர் இருந்தாக வேண்டும், அதை அடையாள அட்டையோடு ஒத்துப்பார்த்துத்தான் விடுவார்கள். பிள்ளைகளுடைய இலவச டிக்கெட்டுக்கும் அதே விதி. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மகளைப் பார்த்து அவர் முகமே வாடிவிட்டது. "நீங்கள் இன்றைக்கு முதல் குடும்பம் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

திரும்பிப் பார்த்தால் மஞ்சள் குடை இல்லை. வவுச்சரில் இருந்த எண்ணுக்கு அடித்தால் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு மட்டும் இருபது நிமிடத்தில் பதில் வந்தது: நீங்கள் தாமதமாக வந்தீர்கள், பணம் திரும்பக் கிடைக்காது. ஒன்பதரை மணிக்கு அந்தக் கடை வாசலில் பிள்ளைகளை நிற்க வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன். அதோடு எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

மகள் அழ ஆரம்பித்தாள். அக்கா அழுகிறாள் என்று தம்பியும் அழுதான். பக்கத்தில் தெருக்குழாய் ஒன்று ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரோம் முழுக்க இந்த இரும்புக் குழாய்கள் உண்டு, நசோனே என்பார்கள், பெரிய மூக்கு என்று பொருள். நல்ல குடிநீர், காசு வேண்டாம். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். கணவர் அதைக் காட்டிக் கொடுத்த பிறகுதான் மகன் அடங்கினான்.

அங்கே நிற்கும்போதே இன்னொருவர் வந்தார். கழுத்தில் அட்டை, நல்ல ஆங்கிலம். ஒரு மணிக்கு உள்ளே விட்டுவிடுகிறேன், ஆளுக்கு 50 யூரோ, சின்னவனுக்கு வேண்டாம் என்றார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு கணவர் பர்ஸை எடுத்துவிட்டார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "டிக்கெட்டில் எங்கள் பெயர் இருக்குமா?" அவர் எதுவும் சொல்லாமல் அடுத்த குடும்பத்தைப் பார்த்து நடந்தார். காலையிலிருந்து நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அதுதான்.

உள்ளே போக முடியவில்லையே தவிர, செதுக்கிய எண்களை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. வடக்குப் பக்கமாக நடந்தால் வளைவுகளின் தலையில் வரிசையாக இருக்கின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். நாற்பத்து நான்காவதன் கீழே நின்றுவிட்டாள். "அம்மா, இது தப்பு. எக்ஸ் எல் போட்டு ஐ வி போடணும். இவங்க நாலு ஐ போட்டிருக்காங்க." உண்மைதான், அங்கே அப்படித்தான் செதுக்கியிருக்கிறது. ரோமானியர்கள் இரண்டு விதமாகவும் எழுதினார்கள் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. டீச்சரிடம் காட்ட வேண்டும் என்று படம் எடுக்கச் சொன்னாள்.

அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து மற்ற இடங்களுக்குப் போட்டு வைத்த பட்டியலையும் சரிபார்த்தேன். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து கட்டணம் உண்டு; நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 5 யூரோ, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. புனித பீட்டர் தேவாலயத்துக்குள் போக யாருக்குமே கட்டணம் இல்லை, அதற்கும் காசு வாங்கிக்கொண்டு 'டிக்கெட்' விற்கிறார்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஏழு வயது ஆகாத பிள்ளைகளுக்கு இலவசம். நகரப் பேருந்து, மெட்ரோவில் பத்து வயது வரைக்கும் டிக்கெட் வேண்டாம். இந்த இலவசங்களில் பலவற்றுக்கு ஏதோ ஒரு தளத்தில் 'சிறுவர் கட்டணம்' பார்த்தேன். இலவசமாகக் கிடைப்பதைப் பிள்ளையின் பெயரைச் சொல்லி விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதிகாரபூர்வத் தளத்தில் இடம் ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. விற்பனை திறந்த நொடியே மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளி, வழிகாட்டி, இன்னும் ஏதேதோ சேர்த்து அதிக விலைக்கு விற்றது அங்கே பெரிய விவகாரம். நாங்கள் போவதற்கு முந்தைய மாதம்தான், 2025 ஏப்ரலில், முன்பு டிக்கெட் விற்பனையை நடத்திய நிறுவனம் ஒன்றுக்கும் சுற்றுலா நிறுவனங்கள் ஆறுக்கும் சேர்த்து வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இத்தாலிய ஆணையம் கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டது. வழிகாட்டியோடு போகும் சுற்றுலா எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நல்ல வழிகாட்டி கிடைத்தால் பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். ஆனால் பணம் கட்டும் முன் நான்கு பேருடைய பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் அவர்களிடம் உங்களுக்கான டிக்கெட் இல்லை. அதிகாரபூர்வத் தளம் டிக்கெட்டிங் டாட் கொலோசியோ டாட் ஐடி (ticketing.colosseo.it). ஆங்கிலத்தில் சொல்வதுபோல 'கொலோசியம்' இல்லை, கடைசியில் 'டாட் காம்' இல்லை. விசா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு பெரியவர்களுக்கு 36 யூரோதான், விசா கிடைக்காமல் போனாலும் நஷ்டம் சின்னது.

ஊர் திரும்பியதும் கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். முதலில், சேவை வழங்கப்பட்டதாக வணிகர் சொல்கிறார் என்று மூடிவிட்டார்கள். விடவில்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள வவுச்சர், வேறு பெயர்கள் உள்ள அந்த இரண்டு காகிதம், வாட்ஸ்அப் உரையாடல், கடை வாசலில் எடுத்த படம், கடைசியாக மகள் நாற்பத்து நான்காம் வளைவின் கீழே வெளியில் நிற்கும் படம், எல்லாவற்றையும் நேரத்தோடு சேர்த்து மறுபடி அனுப்பினேன். 70 நாள் கழித்து 196 யூரோவும் திரும்பி வந்தது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி பிடித்த கட்டணம் மட்டும் வரவில்லை.