டர்டில்: எடுத்துக்காட்டு சரி, ஆனால் ஓடவில்லை

பைத்தான் நிரல்மொழியில் படம் வரையச் சொல்லிக்கொடுக்க இன்றுவரை நான் எடுப்பது டர்டில் (ஆமை) என்ற நூலகத்தைத்தான். நாம் சொல்லும் வழியில் திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். 1967இல் உருவான லோகோ என்ற நிரல்மொழியின் ஆமை வழி வந்தது இது. நாலைந்து வரியில் திரையில் ஒரு சதுரம் வந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சந்தோஷம் முக்கியம்.

ஆனால் பாடத்தில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்தும் ஓடவில்லை என்று வருபவர்கள் நிறைய. அவர்களோடு உட்கார்ந்து பார்த்தால், கோளாறு பெரும்பாலும் வரையும் வரிகளில் இருப்பதில்லை.

அதனால் நான் முதலில் பார்ப்பது கோப்பின் பெயரை. டர்டில் பயிற்சிதானே என்று கோப்புக்கும் அதே பெயரை (turtle.py) வைத்துவிடுகிறார்கள். நூலகத்தை இம்போர்ட் செய்யும்போது, அதாவது நிரலுக்குள் கொண்டுவரும்போது, பைத்தான் நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும். அங்கே அந்தப் பெயர் கிடைத்ததும் அதையே எடுத்துக்கொள்ளும், உண்மையான நூலகம் வரை போகவே போகாது. உடனே அந்த மாட்யூலில் (இம்போர்ட் செய்த கோப்பில்) இன்ன ஆட்ரிபியூட், அதாவது நாம் கேட்ட பெயர், இல்லை என்று பிழை வரும். இன்னொரு தொல்லை, அதே ஃபோல்டரில் வேறு பெயரில் இருக்கும் நிரல்களும் சேர்ந்து நின்றுவிடும். சந்தேகம் இருந்தால் இம்போர்ட் வரிக்கு அடுத்து மாட்யூலையே பிரிண்ட் செய்யுங்கள், எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பாதையோடு காட்டும். பைத்தான் 3.13 முதல், பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச்செய்தியே சொல்கிறது. எப்போதோ வந்திருக்க வேண்டிய வசதி.

பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கருவி வழியாக டர்டிலை நிறுவ முயல வேண்டாம். அது பைத்தானோடு வருவது. பிப்பில் அந்தப் பெயரில் இருப்பது படம் வரைவதோடு சம்பந்தமே இல்லாத, பைத்தான் 2 காலத்து நிரல். ஜன்னல்களை உருவாக்கும் டிகின்டர் நூலகம் இல்லை என்று பிழை வந்தால் விஷயம் வேறு: டர்டில் அதன் மேல்தான் நிற்கிறது, லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் டிகின்டரைத் தனியாக நிறுவ வேண்டும்.

ஜன்னல் வந்த வேகத்தில் மூடிக்கொண்டால் கடைசியில் ஜன்னலைத் திறந்தே வைக்கும் மெயின்லூப் கட்டளை விடுபட்டிருக்கும். விசையை அழுத்தியும் ஆமை நகரவில்லையா, விசைகளைக் கவனிக்கச் சொல்லும் லிசன் கட்டளையை அழைத்திருக்கிறதா பாருங்கள். நிறத்துக்கு 255 என்று எண் கொடுத்துப் பிழை வந்தால் நிற எண்களின் உச்ச அளவைச் சொல்லும் கலர்மோடை 255 ஆக்க வேண்டும், இயல்பாக அது 0 முதல் 1 வரைதான் ஏற்கும்.

அப்புறம் வேகம். கோடுகள் நூற்றுக்கணக்கில் போனால் ஆமை பொறுமையைச் சோதிக்கும். ஆமையின் அசைவைக் காட்டும் டிரேசர் கட்டளைக்கு 0 கொடுத்து, வரைந்து முடித்ததும் திரையைப் புதுப்பிக்கும் அப்டேட்டை அழைத்தால் படம் ஒரே நொடியில் முழுசாக வரும். ஆனால் பழகும் நாட்களில் அதைப் போடாதீர்கள். எந்த வரியில் ஆமை தவறாகத் திரும்புகிறது என்பது மெதுவாக ஓடினால்தான் கண்ணுக்குத் தெரியும்.