மைசூர் ஒரு நாள் டூர்: அரண்மனை பார்த்தோம், விளக்கு பார்க்கவில்லை

போன மாதம் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு, இங்கே ஊட்டியில் ஒரு டிராவல்ஸ் நடத்தும் மைசூர் டூருக்குப் போய் வந்தேன். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் ‘அரண்மனை விளக்கு அலங்காரம்’ என்று இருந்ததால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து புக் செய்தோம். ஐந்தரைக்கு வர வேண்டிய வேன் ஆறேகாலுக்கு வந்தது. கூடலூர் இறக்கத்தில் சித்திக்கு வாந்தி, அது வேனின் தப்பில்லை.

டிரைவர் அண்ணனுக்காகவே இந்த டூருக்குப் போகலாம். ஃபெர்ன்ஹில் பக்கம் கை காட்டி, “இது ராஜாவோட லீவு வீடு, இப்ப போறது சொந்த வீடு” என்று ஆரம்பித்தவர் மைசூர் வரை நிறுத்தவில்லை. பழைய அரண்மனை மரத்தில் கட்டியது, 1897-ல் இளவரசி ஜெயலட்சம்மணி கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சின்னப் பையன், ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் அம்மாதான் ஹென்றி இர்வினிடம் வேலையைக் கொடுத்தார். சென்னையில் கன்னிமாரா நூலகம் கட்டிய அதே இர்வின். 1912-ல் முடிந்தது, செலவு சுமார் 41 லட்சம். சூடுபட்டவர்கள் இல்லையா, இந்தத் தடவை கல், செங்கல், இரும்பு. கல்யாண மண்டபத்துத் தூண்களே கிளாஸ்கோவில் வார்த்த இரும்பு என்றதும் அம்மா ஒன்றைத் தட்டிப் பார்த்தார். மேலே மயில் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தே எல்லாருக்கும் கழுத்து வலி.

அப்புறம் ஐந்தரைக்கு அரண்மனையை மூடியதும் வேனில் ஏறச் சொன்னார்கள். ஏழு மணிக்குத்தானே விளக்கு என்றேன். “ஒன்பதுக்கு பந்திப்பூர் ரோட்ட அடைச்சிருவாங்க தம்பி, விளக்கு பாத்தா யானைகூடத்தான் படுக்கணும்.” நியாயம்தான். காலை ஆறு வரை காட்டுக்குள் வண்டி விடமாட்டார்கள், மைசூரிலிருந்து அங்கே வரவே ரெண்டு மணி நேரம் ஆகும். நீலகிரிக்காரன் எனக்கே இது தெரிந்திருக்க வேண்டும், நோட்டீஸைப் பார்த்து ஏமாந்தேன். ஆனால் போகிற வழியில் மைசூர்பாக் கடையில் மட்டும் அரை மணி நேரம் நிறுத்த முடிந்தது!

மறுநாள் ஆபீசில் கேட்டால் “அது சும்மா போட்டோவுக்குப் போட்டது சார்” என்கிறார்கள். டிரைவருக்கு 5 நட்சத்திரம், ஆபீசுக்கு 1. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரிவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மைசூரிலேயே ஒரு ராத்திரி ரூம் போடுங்கள்.