உயில் எழுதப் போய் அத்தை வீட்டில் நின்ற கதை

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிய நாளிலிருந்து நண்பர்கள் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள், லிவிங் ட்ரஸ்ட் போடு, லிவிங் ட்ரஸ்ட் போடு என்று. நாம் போனபின் சொத்து கோர்ட் ஏறாமல் வாரிசுக்குப் போக, உயிரோடு இருக்கும்போதே செய்துவைக்கும் ஏற்பாடு அது. போடாமல் போய்ச் சேர்ந்தால் வீடு புரொபேட் கோர்ட்டுக்கு, அதாவது இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கோர்ட்டுக்குப் போகும், பத்து லட்சம் டாலர் வீடு என்றால் சட்டம் சொல்லும் வக்கீல் ஃபீஸே 23,000 டாலர், அதுவும் வீட்டுக் கடனைக் கழிக்காமல் முழு மதிப்புக்கு. பயந்துபோய்ப் போட்டேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் அப்பாவின் சொத்தையும் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று மூன்று வார லீவில் தஞ்சாவூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன்.

முதலில் போனது பத்திர எழுத்தரிடம். உயில் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செட்டில்மெண்டுக்குப் போய்விட்டார், உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடும் பத்திரம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 10,000-ஐத் தாண்டாது, "இன்னைக்கே உங்க பேருக்கு மாறிடும் சார்." அப்பா நிமிர்ந்து பார்த்தார். "மாறிட்டா அப்புறம் நான் யாரு, குடக்கூலிக்கு இருக்கிறவனா?"

சரிதானே. செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபின் மனசு மாறினால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும், சாட்சி இரண்டு பேர் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பின்னால் யாரும் வாய் பேசக்கூடாது என்று பதிந்தோம். எதிர்வீட்டு வாத்தியார் சாட்சிக்கு ஆசையாக வந்தார், அவருக்கு அப்பாவைவிட நான்கு வயது அதிகம், அப்பாவுக்குப் பின்னால் சாட்சி சொல்ல ஆள் இருக்க வேண்டுமே, அவரை எப்படித் தவிர்த்தோம் என்பது தனிக்கதை. மெடிக்கல் ஷாப்காரரும் என் பள்ளித் தோழனும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா தெளிவாக இருக்கிறார் என்று டாக்டரிடமும் ஒரு சான்று வாங்கி வைத்தேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் காலை டோக்கன், உள்ளே போனது மதியம் இரண்டரைக்கு. அப்பாவின் கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரல். நான்காவது முறையும் விழாதபோது அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா, "தலையில தேய்ச்சுட்டு வைங்க ஐயா" என்றார். தேங்காய் எண்ணெய் பட்டதும் விழுந்தது. பதிவாளர் அப்பாவைப் பார்த்து, யாரும் மிரட்டி எழுதச் சொல்லவில்லையே என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டி, "இவனுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது" என்றார். எழுத்தர் கொடுத்த கணக்கில் 'ஆபீஸ் செலவு' என்று ஒரு வரி இருந்தது, ரசீது இல்லை, கேட்டதற்குச் சிரித்தார். கொடுத்துவிட்டு வந்தேன், பெருமையாகச் சொல்லவில்லை.

ஆனால் உயில் தீர்த்தது வீட்டை மட்டும்தான். அது அப்பா சம்பாதித்துக் கட்டியது, எனக்கும் தங்கைக்கும் சரிபாதி என்று எழுதிவிட்டார். வயல்தான் சிக்கல். பட்டா இன்னும் தாத்தா பெயரில். தாத்தா தன் காசில் வாங்கியது, உயில் எழுதாமல் போய்விட்டார். 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே பெண் பிள்ளைகளுக்கும் அதில் சம பங்கு, ஆக இரண்டு அத்தைகளும் பங்காளிகள். தன்னுடைய பங்கை மட்டும்தான் அப்பாவால் உயிலில் எழுத முடியும். முழுசும் அப்பா பெயருக்கு வர வேண்டுமானால் அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற நான் வயலை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அதனால் இது எனக்கு முக்கியம்.

"கூடப்பிறந்தவள்ட்ட போய் எப்படிடா கேக்கிறது" என்று அப்பா இரண்டு நாள் சாப்பாட்டில் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டாவை இத்தனை வருஷம் போட்டு வைத்ததற்கு நானும் கத்திவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது, ட்ரஸ்டில் கையெழுத்துப் போட்டேனே தவிர வீட்டுப் பத்திரத்தை ட்ரஸ்ட் பெயருக்கு மாற்றவில்லை, மாற்றாத வரைக்கும் அதற்குள் வீடு கிடையாது.

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது பூ, பழத்தோடு திருச்சியில் பெரிய அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கையெழுத்துப் போட்டுட்டா, வருஷா வருஷம் வர்ற ரெண்டு மூட்டை அரிசி நின்னுடுமாடா தம்பி?"