77,789 ரூபாய் போச்சு. ரீஃபண்ட் வாங்கித் தர்றோம்னு வர்றவங்ககிட்ட ஓடிபி சொல்லாதீங்க

நேத்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு வருமான வரி சலான் கட்டி முடிச்சேன். 73,240 ரூபாய். அதுக்கு முன்னாடியே அந்த வரி தாக்கல் ஆளுங்களுக்கு அழுதது 4,549. மொத்தம் 77,789. எங்க தொழில் கணக்குல சொன்னா 450 ரூபாய் வளையல் செட் 173 வித்தா வர்ற பணம். லாபம் இல்லைங்க, முழு விலையும். தூக்கம் வரலை, அதான் உக்காந்து எழுதறேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

பேரு போட மாட்டேன். போட்டா வக்கீல் நோட்டீஸ் விடுவாங்கன்னு தம்பி பயப்படறான். வகையை மட்டும் சொல்றேன், புரிஞ்சுக்கோங்க. வீட்ல இருந்தே பொருள் செஞ்சு விக்கற பெண்களுக்கு ஐடி ரிட்டர்ன் போட்டுத் தர்றோம்னு விளம்பரம் பண்ற ஒரு ஆன்லைன் சேவை. ஆப் இருக்கு, வாட்ஸ்அப் நம்பர் இருக்கு. ஆபீஸ் எந்தத் தெருவுலன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். பட்டுநூல் வளையல், ஜிமிக்கி, கல்யாண செட் பண்றேன். கைவினைப் பொருள் விக்கற ஒரு தளத்துல கடை போட்டிருக்கேன். 2023-24 நல்ல வருஷம், 14,20,000 ரூபாய்க்கு வித்தேன். அந்தத் தளம் நமக்குப் பணம் அனுப்பறதுக்கு முன்னாடியே விற்பனைல 1% டிடிஎஸ் பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டிடும். வருமான வரிச் சட்டத்துல 194ஓ-ன்னு பிரிவு. (2024 அக்டோபர்ல இருந்து அது 0.1% ஆயிடுச்சு. என் நேரம், நான் நல்லா வித்த வருஷம் 1%.) அப்படி என் பேர்ல 14,200 ரூபாய் அங்க கிடந்தது. வரி வரலைன்னா ரிட்டர்ன் போட்டுத் திருப்பி வாங்கிக்கலாம். இந்த 14,200-ஐக் காட்டித்தான் அந்தச் சேவைக்காரன் என்னைப் பிடிச்சான்.

ஒரு சனிக்கிழமை கைவினைச் சந்தைல ஸ்டால் போட்டிருந்தேன். பக்கத்துல குட்டி மேஜை போட்டு நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தான் ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். நான் போன்ல அம்மாகிட்டப் பேசறதைக் கேட்டுட்டு, "அக்கா, தமிழா? நான் வாணியம்பாடிக்கா"ன்னான். இந்த ஊர்ல நாள் பூரா கன்னடம், இந்தின்னு தட்டுத்தடுமாறிப் பேசிட்டு இருக்கறவளுக்கு அந்த ஒரு 'அக்கா' போதும். டீ வாங்கிக் குடுத்தேன். நானே வாங்கிக் குடுத்தேன்! பத்து ரூபாய் டீ. அதையும் 77,789-ல சேக்கணும்.

999 ரூபாய் பதிவுக் கட்டணம், ரீஃபண்ட் வந்தா அதுல 25%. "வந்தாத்தான்கா குடுக்கணும், வரலைன்னா ஒரு பைசா வேணாம்." இதைவிட நியாயமா ஒருத்தன் பேச முடியுமான்னு நினைச்சேன்.

என் கணக்கு நோட்டு சுத்தமா இருந்துச்சு, அதைச் சொல்லியே ஆகணும். மாமூல்பேட்டைல வாங்கின நூல், வளையல் பேஸ், குந்தன் கல், பசை. டப்பா, பபிள் ராப், கூரியர். தளத்தோட கமிஷன். என்கூட வேலை செய்யற ரெண்டு அக்காங்களுக்குக் கூலி. வேலை செய்யற ரூமுக்கு வீட்டு வாடகைல ஒரு பங்கு, கரண்ட், நெட் பில்லுல பாதி. எல்லாம் கூட்டினா 7,34,000. போக லாபம் 6,86,000. பில்லு எல்லாத்தையும் பிஸ்கட் டின்ல போட்டு வெச்சிருந்தேன். "டின்னைக் கொண்டு வரட்டுமா தம்பி"ன்னு கேட்டேன். சிரிச்சான். "பில்லெல்லாம் வேணாம்கா, டோட்டல் மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்." அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும்.

2024 ஜூலை 27, சாயங்காலம். கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள். ஒரு சீமந்த ஆர்டர், பச்சையும் சிவப்புமா பன்னிரண்டு வளையல். நூல் சுத்தறப்போ பாதியில கையை எடுத்தா லூஸாயிடும், மறுபடி முதல்ல இருந்து சுத்தணும். கட்டை விரல்ல பசை, இடது கையில வளையல், நூல் பல்லுக்கு நடுவுல. போன் அடிச்சது, ஸ்பீக்கர்ல போட்டேன். "அக்கா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க." மூக்கு நுனியால ஸ்க்ரீனைத் தள்ளி, பல்லைக் கடிச்சுட்டே ஆறு நம்பரும் படிச்சேன். அஞ்சு நிமிஷத்துல இன்னொண்ணு. "இது எதுக்கு தம்பி?" "அது ஒரு ஃபார்ம்கா, ஃபார்மாலிட்டி." படிச்சேன். அப்புறம் மூணாவது. அதையும் படிச்சேன். வளையல் நல்லா வந்துச்சு.

அந்த ரெண்டாவது ஓடிபிதான் என் தலையெழுத்து. அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஆகஸ்ட் கடைசில 14,200 பேங்க்ல விழுந்துச்சு. அன்னிக்கே 3,550 அனுப்பிட்டேன். ரெண்டு பேருக்குச் சிபாரிசு வேற பண்ணினேன். அவங்க ரெண்டு பேரும் இப்ப என்கூடப் பேசறதில்லை. அடுத்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம நான் ஊர்லயே கிடந்தேன். வியாபாரம் படுத்துடுச்சு, ரிட்டர்ன் போடற அளவுக்கு வருமானமே இல்லை. இல்லைன்னா ரெண்டாவது வருஷமும் இவன்கிட்டயே போயிருப்பேன்.

2025 ஜூலை 14 அன்னிக்கு வருமான வரித் துறை நாடு முழுக்க 150 இடத்துல சோதனை போட்டாங்க, ஞாபகம் இருக்கா? பொய்யா வரிக் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தர்ற ஏஜெண்டுங்க, அதுல கமிஷன் அடிக்கறாங்க, தற்காலிகமா ஒரு ஈமெயில் உண்டாக்கி அதுல இருந்து மொத்தமா ரிட்டர்ன் போட்டுட்டு அந்த ஈமெயிலை அநாதையா விட்டுடறாங்க, அதனால நோட்டீஸ் வந்தாலும் யாரும் படிக்கறதில்லைன்னு துறையே சொல்லிச்சு. அந்தச் செய்தியை நானும் படிச்சேன். 'ஐயோ பாவம், யாரோ ஏமாந்தவங்க'ன்னு நினைச்சுட்டு வேலையைப் பாக்கப் போயிட்டேன்.

டிசம்பர்ல எனக்கு எஸ்எம்எஸ். நன்கொடைக் கழிவு சந்தேகமா இருக்கு, சரிபாத்துத் திருத்துங்கன்னு. முதல்ல இதுவே ஃபிராடு மெசேஜ்னு நினைச்சு அழிக்கப் போனேன். நான் எந்தக் கட்சிக்கு, எந்த டிரஸ்டுக்குக் குடுத்தேன்? கோயில் உண்டியல்ல நூறு ரூபாய் போடவே ரெண்டு தரம் யோசிக்கறவ. லிங்க் எதையும் தொடாம, வரித் துறை போர்ட்டலுக்கு நேரா போனேன். பாஸ்வேர்டு வேலை செய்யலை, ஆதார் ஓடிபி வெச்சு மாத்தினேன். ப்ரொஃபைலைத் திறந்தா என் பேருக்குக் கீழ யாரோட ஈமெயிலோ இருக்கு. மொபைல் நம்பரும் என்னோடது இல்லை. என் பான் கார்டுக்குக் குடுத்த நம்பர் பழையபடி இருந்ததால அந்த எஸ்எம்எஸ்ஸாவது என்கிட்ட வந்துச்சு.

ரிட்டர்ன் பிடிஎஃப் எடுத்துப் பாத்தேன். செலவு 7,34,000, என் நோட்டுல இருந்தபடியே ரூபாய் பிசகாம இருக்கு. அதுக்குக் கீழ 80சி-ல, அதாவது எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான கழிவுல, 1,50,000. எனக்கு இருக்கறது எல்ஐசி ஒண்ணுதான், வருஷம் 18,000. அதுக்கும் கீழ 80ஜிஜிசி, அரசியல் கட்சிக்கு நன்கொடை, 50,000. தேதி போட்டு, பரிவர்த்தனை எண் வரைக்கும் எழுதியிருக்கான் பாவி. கை நடுங்கிடுச்சு.

இப்ப தட்டிக்கழிச்ச கதை. வாட்ஸ்அப் அனுப்பினா மெஷின் பதில்: 'உங்கள் டிக்கெட் பதிவு செய்யப்பட்டது, 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்.' அஞ்சு நாள் ஆச்சு. ஒரு பொண்ணு பேசினா, "அவர் இப்ப இங்க வேலைல இல்லை மேடம், புது ஆள் கூப்பிடுவாங்க." புது ஆள் இந்தில பேசினான், என் ஃபைலே கிடைக்கலைன்னான். மறுபடி டிக்கெட், மறுபடி 48 மணி நேரம். பொங்கல் முடிஞ்சு வேற நம்பர்ல இருந்து அதே வாணியம்பாடிப் பையன்: "அக்கா, அது எல்லாருக்கும் சும்மா அனுப்பறதுக்கா, கண்டுக்காதீங்க." நான் விடலை. 80ஜிஜிசி எங்க இருந்து வந்துச்சு, எந்தக் கட்சி, ரசீது எங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலே மாறிடுச்சு. "ஓடிபி நீங்கதானே மேடம் குடுத்தீங்க? நீங்க ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்."

மேடமாம்! டீ குடிக்கறப்போ அக்கா.

குறைஞ்சது அந்த 4,549-ஐயாவது குடுங்கன்னேன். சேவை முடிஞ்சிடுச்சாம், திருப்பித் தர மாட்டாங்களாம். கடைசியா என்ன அனுப்பினாங்க தெரியுமா? திருத்தின ரிட்டர்ன் போட்டுத் தர்றாங்களாம், 6,500 ரூபாய் ஆகுமாம். ஓட்டை போட்டவனே அடைக்கக் கூலி கேக்கறான்.

ஸ்ரீராமபுரத்துல ஒரு வயசான ஆடிட்டர்கிட்டப் போனேன். பிஸ்கட் டின்னையும் தூக்கிட்டுப் போனேன். அவர் ஒவ்வொரு பில்லா பாத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி மேஜைல வெச்சுட்டு, "ஏம்மா, புது வரி முறைல விட்டிருந்தாலே அந்த வருஷம் 7 லட்சம் வரைக்கும் உனக்கு வரி இல்லையே. லாபம் 6,86,000தானே? ஒரு பொய்யும் எழுதாம 14,200 முழுசா வந்திருக்குமே"ன்னார்.

மறுபடி படிங்க. ஒரு பொய்யும் எழுதாம. அது என் பணம். அவன் இல்லாமலே வந்திருக்கும். அதுல 25% அவனுக்குக் குடுத்திருக்கேன்.

அப்புறம் ஏன் அப்படிப் பண்ணினான்? அவங்களுக்கு எல்லாருக்கும் ஒரே அச்சு, ஆள் யாருன்னு பாக்கறதில்லை, 80சி-யும் நன்கொடையும் அடிச்சு விட்டுடறாங்கன்னார் ஆடிட்டர். அந்தக் கழிவு ரெண்டும் புது முறைல செல்லாது, அதான் என்னைப் பழைய முறைக்குத் தள்ளியிருக்கான். 2023-24-ல இருந்து புது முறைதான் தானா வரும். வியாபார வருமானம் இருக்கறவங்க பழைய முறைக்குப் போகணும்னா 10-ஐஇஏ-ன்னு ஒரு ஃபார்ம், கடைசித் தேதிக்குள்ள போடணும். பல்லுல நூலைக் கடிச்சுட்டு நான் படிச்ச ரெண்டாவது ஓடிபி அந்த ஃபார்முக்குத்தான். போட்டாச்சு, தேதி போயாச்சு, அந்த வருஷத்துக்கு இனி மாத்த முடியாது.

ஆக பழைய முறைல, எல்ஐசி மட்டும் கழிச்சு, 6,68,000-க்கு வரி 47,944. வட்டி, அது மேல 25% கூடுதல் வரி. எல்லாம் சேத்துத்தான் 73,240. 2026 மார்ச் 31 தாண்டியிருந்தா அந்த 25% 50% ஆயிருக்கும். நாமளா திருத்தாம அவங்களா பிடிச்சா, பொய்க் கணக்குன்னு வரியில 200% வரைக்கும் அபராதம். கட்டிட்டேன். ஆடிட்டர் ஃபீஸை நான் இந்தக் கணக்குல சேக்கலை, மனுஷன் அவ்வளவு குறைவா வாங்கினார்.

'நீ ஏன் படிச்சுப் பாக்கலை'ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஆமா, பாக்கலை. வீட்ல அவரும் இதையே நாலு நாளா கேக்கறார், நீங்க வேற வேணாம்.

என்னென்ன கவனிக்கணும்னு வரிசையா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப கூரியர் பையன் கீழ ஹாரன் அடிக்கறான், சுருக்கமா சொல்லிடறேன். ரீஃபண்டுல பங்கு கேட்டா எழுந்து வந்துடுங்க. ரிட்டர்ன் பிடிஎஃப்பை முழுசா பாக்காம ஓடிபி சொல்லாதீங்க. போர்ட்டல் ப்ரொஃபைல்ல ஈமெயிலும் நம்பரும் உங்களோடதான்னு இன்னிக்கே பாருங்க. 26ஏஎஸ்-ங்கற வரிக் கணக்குத் தாள்ல உங்க தளம் எவ்வளவு டிடிஎஸ் பிடிச்சதுன்னு நீங்களே பாக்கலாம், காசு கிடையாது. மாமூல்பேட்டை, சிக்பேட்டைல மொத்தமா வாங்கறவங்க ஒரே கடைக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமா குடுக்காதீங்க, அந்தச் செலவு கழிக்க விட மாட்டாங்க. சின்ன வியாபாரத்துக்கு 44ஏடி-ன்னு ஒரு சுலபக் கணக்கு முறை, அதைப் பத்தியும் உங்க ஆடிட்டர்கிட்டக் கேளுங்க, பேங்க் வழியா வர்ற விற்பனைக்கு 6% லாபம்னு காட்டினாப் போதும், செலவைத் தனியா கழிக்க முடியாது. அதை விவரமா எழுத நேரம் இல்லை.

இன்னிக்குக் காலைல அந்தப் பையனோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாத்தேன். வளையல் போட்ட ரெண்டு கை படம். 'அக்காக்களே, இந்த வருஷ ரிட்டர்னுக்கு முன்பதிவு ஆரம்பம், முதல் 50 பேருக்கு 999 இல்லை, 799 மட்டுமே.' அந்தப் படம் என் கடைல இருந்து எடுத்தது. அந்தப் பச்சை-சிவப்பு சீமந்த வளையல்.