எங்கள் கல்லூரியின் ஆங்கிலப் பேச்சு வகுப்பு: ஒரு செமஸ்டர் உட்கார்ந்து பார்த்ததில்

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. போன செமஸ்டரில் எங்களுக்கு வாரம் இரண்டு பீரியட் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இருந்தது. "அந்த வகுப்புக்குப் போகணுமா அக்கா?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். போங்கள். ஒரு நாளும் விடாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வகுப்பில் 60 பேர், பீரியட் 50 நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேறாது. ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

மூன்றாவது வாரம் மேடம் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார். ஒருவர் இரண்டு நிமிஷம் பேசணும். அடுத்தவர் கேள்வி கேட்கணும். மூன்றாவது ஆள் காதில் வாங்கியதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லணும். அப்புறம் முறை மாறும். ஒரே நேரத்தில் இருபது பேர் பேசினால் வகுப்பு சந்தைக்கடைதான். ஆனால் அந்த இரைச்சலில்தான் எனக்குக் கூச்சம் போனது. என் தப்பு பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும்தானே கேட்கும்!

வீட்டில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார். நான் வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைச் சொன்னேன். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வர நாளாகும். வாய்க்காலில் கடைசி வயல் எங்களுடையது. ராத்திரி முறை வந்தால் அப்பாவும் நானும் டார்ச்சோடு போவோம். "வி ஸ்டே தேர் டில் மார்னிங்" என்றேன். வேதாரண்யத்துத் தோழி அதைத் திருப்பிச் சொல்லும்போது, "தே ஸ்லீப் இன் தி ஃபீல்ட்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நோ, வி டோன்ட் ஸ்லீப்! வி வாட்ச் தி வாட்டர்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நான் சொன்னது எதிராளிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த வகுப்பின் உயிரே அந்த மூன்றாவது ஆள்தான்.

நடுவில் புகுந்து இலக்கணம் திருத்த மாட்டார் மேடம். கடைசி ஐந்து நிமிஷத்தில், யார் என்று சொல்லாமல், காதில் விழுந்த தப்புகளைப் போர்டில் எழுதுவார். ஒருநாள் சீனிவாச சாஸ்திரியாரைப் பற்றிச் சொன்னார். 1869-இல் வலங்கைமானில் பிறந்து, ஆங்கிலப் பேச்சுக்காகவே 'வெள்ளி நாக்கு' என்று பெயர் வாங்கியவர். நான் தினமும் பஸ்ஸில் தாண்டும் ஊர் அது! அன்று சாயங்காலம் வலங்கைமான் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. லேபில் பாதி ஹெட்போன் வேலை செய்யாது. அதைக்கூட விட்டுவிடலாம். பேச்சுப் பயிற்சிக்குக் கடைசியில் எழுத்துத் தேர்வு வைத்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. உரையாடலில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள். நன்றாகப் பேசப் பழகியிருந்த தோழி அதில் குறைந்த மார்க் வாங்கி அழுதாள். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசவைத்தால்கூட 180 நிமிஷம், நான்கு பீரியடில் முடிந்துவிடும். கல்லூரி இதை மாற்றியே ஆகவேண்டும்.

சேரப்போகிறவர்களுக்கு ஒன்று: பேசப்போகும் விஷயத்தை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம், ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள். அது போடும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது.